சிட்னி கடலோரப் பாறைக் குளங்கள்: உண்மையில் யார் கட்டினார்கள்?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

சிட்னியின் கிழக்குக் கரையோரம் நடந்தவர்களுக்கு இந்தக் குளங்கள் தெரிந்திருக்கும். மணல் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் கடலை ஒட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பி, அலை மேலேறி உள்ளே விழும்படி விட்டிருப்பார்கள். குளோரின் கிடையாது, ஹீட்டர் கிடையாது, பெரும்பாலானவற்றில் கட்டணமும் கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மட்டும் நூறை ஒட்டிய எண்ணிக்கையில் இவை இருக்கின்றன.

இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் போண்டாய் கடற்கரையில் இருக்கும் ஐஸ்பர்க்ஸ் குளத்தின் படத்தைப் போட்டு, ஊர் மக்கள் சேர்ந்து கட்டியது என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. எந்த ஊர், எந்த மக்கள்? காசு யார் கொடுத்தது, கல் யார் உடைத்தது?

மேன்லிக்கும் ஷெல்லி பீச்சுக்கும் நடுவில் ஃபேரி பவர் என்றொரு சின்னக் குளம். 1929-இல் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களே கட்டிக்கொண்டது. கூஜியில் இருக்கும் வைலீஸ் பாத்ஸ், 1907-இல் ஹென்றி வைலீ என்ற நீச்சல்காரர் கட்டிக் குடும்பமாக நடத்தியது. 1930களில் பொருளாதார மந்தம் வந்தபோது, வேலையிழந்தவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு ஒதுக்கிய நிவாரணப் பணத்தில் எழுந்தவை ஏராளம். இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குமரன்_நியூகாசில்

எங்கள் ஊரிலிருந்து தொடங்க வேண்டும் நண்பரே. ஐரோப்பியர் வந்த பிறகு இந்தக் கரையில் வெட்டப்பட்ட மிகப் பழைய குளம் நியூகாசிலில்தான் இருக்கிறது. போகி ஹோல் என்பார்கள். 1819 வாக்கில் இங்கே தண்டனைக் குடியிருப்பு இருந்தபோது, அதன் தளபதி மேஜர் ஜேம்ஸ் மோரிசெட் கைதிகளை வைத்துப் பாறையைக் குடைய வைத்தார். தான் மட்டும் குளிப்பதற்கு. கமாண்டண்ட் குளியலிடம் என்றே பழைய காலத்தில் அதற்குப் பெயர். 1863-இல்தான் அது பொதுமக்கள் கைக்கு வந்தது.

அப்புறம் 1922-இல் நியூகாசில் ஓஷன் பாத்ஸ், 1935-இல் மெரிவெதர் பாத்ஸ். மெரிவெதரை நேரில் பார்த்தால் குளம் என்று சொல்ல மனசு வராது, அவ்வளவு பெரிது. ஓஷன் பாத்ஸ் பக்கத்தில் குழந்தைகளுக்காக ஒரு ஆழமில்லாத குளம் உண்டு. 1937-இல் அதன் நடுவில் கான்கிரீட்டில் உலக வரைபடம் அமைத்தார்கள். சுரங்கமும் இரும்பாலையும் நிறைந்த ஊரில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கண்டம் விட்டுக் கண்டம் தாவி விளையாடினார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் யாரோ, பிள்ளைகள் மேல் உண்மையான பிரியம் வைத்திருந்தவர்கள் என்று நான் நம்புகிறேன்.

---

தாமரை

குமரன், போகி ஹோலை இந்த வரிசையில் முதலில் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கைதிகளை அடித்து வேலை வாங்கிக் குடைந்த குழியை ஊர் மக்கள் கட்டிய குளங்களின் மூதாதை என்று சொல்லலாமா? கல் உடைத்தவர்களில் ஒருவருக்கும் அந்தத் தண்ணீரில் இறங்க உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கரைகளில் ஐரோப்பியர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பூர்வகுடி மக்கள் மீன்பிடித்தும் குளித்தும் வாழ்ந்தார்கள். குளங்களின் வரலாறு 1819-இல் தொடங்குகிறது என்று எழுதும்போது அவர்கள் கதைக்கு வெளியே போய்விடுகிறார்கள். பொதுக் குளம் என்று பலகை வைத்த பிறகும் எல்லோரையும் விடவில்லை. மோரி என்ற உள்நாட்டு ஊரில் (அது கடற்குளம் இல்லை, வெந்நீர் ஊற்றுக் குளம்) பூர்வகுடியினர் வரக்கூடாது என்று நகராட்சியே விதி வைத்திருந்தது. 1965 பிப்ரவரியில் சார்ல்ஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் போய் அந்தக் குளத்தின் வாசலில் நின்று போராடிய பிறகே பூர்வகுடிக் குழந்தைகள் உள்ளே போனார்கள். ஊர் மக்கள் என்று சொல்லும்போது, யாரை அந்த ஊர் மக்களாகக் கணக்கெடுத்தது என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

---

நெய்தல்

தாமரை, மிகச் சரி. ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. போகி ஹோலை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால் கைதிகள் செய்த உழைப்பும் சேர்ந்து மறைந்துவிடும். முதலில் வைத்து, யார் வெட்டியது, யாருக்காக வெட்டியது என்று சொல்வதே நல்லது.

குளங்கள் ஏன் இத்தனை என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1830களிலிருந்து காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையே பொது இடத்தில் கடலில் குளிப்பதைத் தடை செய்திருந்தார்கள். கண்ணியம் கெடும் என்று. பகலில் குளிக்க வேண்டுமென்றால் மறைப்புக் கட்டிய குளியலிடம் வேண்டும், அதிலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. சிட்னியின் பிராண்டே கடற்கரைக் குளம் 1887-இல் வந்தது இந்தச் சூழலில்தான். 1902-இல் மேன்லியில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர், பட்டப்பகலில் குளிக்கப்போகிறேன், முடிந்தால் பிடியுங்கள் என்று தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டுக் கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டே கழுத்திலிருந்து முழங்கால் வரை உடை போட்டால் பகலில் குளிக்கலாம் என்று மேன்லி நகராட்சி தளர்த்தியது.

கடற்கரை திறந்ததும் கூட்டம் வந்தது. கூடவே நீரோட்டத்தில் இழுபட்டுச் சாகிறவர்களும் சுறா பயமும். கூஜியில் 1922 பிப்ரவரியில் ஒரு உயிர்க்காப்பாளரையே சுறா தாக்கிக் கொன்றது, அதுவும் கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அலையும் இருக்க வேண்டும், பிள்ளைகளைப் பயமில்லாமல் இறக்கவும் வேண்டும் என்றால் சுவர் எழுப்பிய குளம்தான் வழி. அந்தத் தேவை எல்லோர் வீட்டிலும் இருந்தது.

---

செங்கை_ரவி

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சந்தேகம். அலை தினமும் மோதுகிற இடத்தில், நூறு வருஷத்துக்கு முன், லாரியோ கிரேனோ போக முடியாத பாறை மேல் எப்படிக் கான்கிரீட் போட்டார்கள்? அஸ்திவாரம்?

---

நெய்தல்

ரவி சார், சிட்னிக் கரை முழுக்க மணற்கல். அலை அரித்து அரித்து, குன்றின் அடியில் தட்டையான மேடை போலப் பாறை நீண்டிருக்கும். அதுதான் அஸ்திவாரம். இயற்கையாகவே பள்ளமாக இருக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்வார்கள், பக்கத்துப் பாறையை வெட்டி ஆழமாக்குவார்கள், கடல் பக்கம் மட்டும் சுவர். ஃபேரி பவர் முக்கோணமாக இருப்பதும் பல குளங்கள் கோணல்மாணலாக இருப்பதும் அதனால்தான். பாறை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் குளமும் வளையும்.

கடல்நீர் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். கடல் ஏற்றம் தொடங்கினால் சாமானைத் தூக்கிக்கொண்டு மேலே ஓட வேண்டும். சுரங்கத்தில் பாறை உடைத்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. சிட்னிக்குத் தெற்கே இல்லவாரா பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பாறைக் குளம் வெட்டுவதில் இறங்கியதும் அதனால்தான்.

பெரும்பாலான குளங்கள் கடற்கரையின் தெற்கு முனையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தெற்கிலிருந்து வரும் காற்றையும் அலையையும் முனைக்குன்று தடுத்துவிடும்.

---

செங்கை_ரவி

அப்படியானால் சுவரின் உயரம்தான் வடிவமைப்பின் உயிர். தாழ்வாக இருந்தால் அலை ஆளை அடித்துப் பாறையில் மோதும், உயரமாக இருந்தால் தண்ணீர் மாறாமல் பாசி பிடிக்கும். சுத்தம் செய்வது எப்படி?

---

நெய்தல்

சுவரில் மதகு இருக்கும். நீர் வற்றும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டால் குளம் காலியாகும். உள்ளே சேர்ந்த மணல், கடற்பாசி, கல் எல்லாவற்றையும் வாரி, தரையையும் படிகளையும் தேய்க்க வேண்டும். பாசி வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் அதிகம். அடுத்த ஏற்றத்தில் கடலே நிரப்பும், அல்லது பம்ப் வைத்து நிரப்புவார்கள். போண்டாய் ஐஸ்பர்க்ஸ் வியாழக்கிழமை மூடியிருப்பது இதற்காகத்தான், போகிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்று ஒன்று இருந்ததே, அதைப் போலத்தான் இதையும் பார்க்கிறேன். வெட்டியது ராஜாவா ஜமீனா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வருஷா வருஷம் கரையை உயர்த்தி, தூர் வாரி, மதகைப் பழுது பார்த்த ஊர்தான் ஏரியை ஏரியாக வைத்திருந்தது. பாறைக் குளமும் ஒரு முறை கட்டிவிட்டு விடக்கூடிய பொருள் இல்லை. ஒரு பெரிய புயல் போதும், சுவர் போய்விடும். வைலீஸ் பாத்ஸ் 1974 புயலில் பலத்த சேதமடைந்து, 1990களில் பெரிய சீரமைப்புக்குப் பிறகுதான் முழுதாக எழுந்தது. என்னைக் கேட்டால், கட்டியவர் பெயரைத் தேடுவதைவிட, யார் விடாமல் தேய்த்தார்கள், யார் மூடவிடாமல் நின்றார்கள் என்று தேடுவதில்தான் இந்தக் குளங்களின் கதை கிடைக்கும்.

---

வாணி_சிட்னி

நெய்தல் அண்ணா, கூஜிக்கு வந்துவிட்டு மெக்ஐவர்ஸ் குளம் பற்றிச் சொல்லாமல் போகிறீர்களே. வைலீஸிலிருந்து கொஞ்ச தூரம்தான். பெண்களும் சிறு பிள்ளைகளும் மட்டும் போகலாம். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பெண்கள் குளித்துவந்த இடம். 1918 முதல் ராபர்ட், ரோஸ் மெக்ஐவர் தம்பதி குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள், பெயர் அதிலிருந்துதான். 1920களின் தொடக்கத்திலிருந்து பெண்கள் நீச்சல் சங்கம் ஒன்றே அதைப் பார்த்துக்கொள்கிறது. நூறு வருஷமாகப் பெண்களே நடத்துகிற கடற்குளம் வேறு எங்கே இருக்கிறது சொல்லுங்கள்? நுழைவுக் கட்டணம் நீண்ட காலம் 20 சென்ட்தான். வாசலில் காசைப் போட்டுவிட்டு உள்ளே போவோம்.

1990களில் ஒரு ஆண், இது பாகுபாடு என்று புகார் கொடுத்தார். குளம் எல்லோருக்கும் திறக்கப்படுமோ என்று பெண்கள் பயந்த காலம் அது. 1995-இல் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து அரசு விலக்கு அளித்த பிறகே நிம்மதி வந்தது.

என் அம்மா கீரிமலைக் கேணியில் பெண்கள் பக்கத்தில் குளித்து வளர்ந்தவ. சிட்னி வந்து இத்தனை காலத்தில் கடலில் கால் நனைத்ததோடு சரி, ஆட்கள் பார்க்கிறார்கள் என்று இறங்கவே மாட்டா. மெக்ஐவர்ஸ் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஹிஜாப் கழற்றி வைத்துவிட்டு நீந்துகிறவர்கள், மார்பு அறுவைசிகிச்சை முடிந்து வந்தவர்கள், எண்பது வயதுக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அம்மா கழுத்தளவு தண்ணீரில் நின்று என்னை மறந்தே போனா. அந்த இடத்தைக் காப்பாற்றித் தந்த பெண்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். யாரும் இதைச் சலுகை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

---

தாமரை

வாணி அக்கா, இது தெரியாமலே இருந்தேன், நன்றி. ஆனால் ஐஸ்பர்க்ஸ் சங்கம் 1929-இல் தொடங்கி 1995 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதையும் இதையும் ஒன்றாக வைக்கச் சொல்லவில்லை, ஆண்களுக்கு எப்போதும் கடல் முழுக்கத் திறந்திருந்தது என்பது பெரிய வித்தியாசம். இருந்தாலும் சங்கம் என்று சொன்னவுடனே ஊர் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து.

---

குமரன்_நியூகாசில்

ஐஸ்பர்க்ஸ் தொடங்கியது குளிர்காலத்திலும் உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ள நினைத்த உயிர்க்காப்பாளர்கள். உறுப்பினராகத் தொடர வேண்டுமென்றால் ஐந்து குளிர்காலம், மாதத்தின் நான்கு ஞாயிறில் குறைந்தது மூன்றில் நீந்தியாக வேண்டும் என்று விதி. மே மாதத் தொடக்க நாளில் ஐஸ் கட்டிகளைக் குளத்தில் போட்டுவிட்டு இறங்குவார்கள். குளத்தை உயிரோடு வைத்தது இந்த மாதிரிப் பிடிவாதம்தான். பெண்களைச் சேர்க்காமல் விட்டது தவறு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

---

நெய்தல்

பெண்கள் நீச்சல் என்றதும் வைலீ குடும்பத்தின் மகளைச் சொல்லியாக வேண்டும். ஹென்றியின் மகள் மினா வைலீ, அவருடைய தோழி ஃபேனி டியூராக். ஃபேனியும் கூஜியில் நீந்தக் கற்றவர்தான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு நீச்சல் போட்டி வைத்தார்கள். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தின் விதிப்படி, ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது. அந்த விதியைக் காத்து நின்றவர் ரோஸ் ஸ்காட். பெண்கள் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட பெரிய தலைவர் அவர். ஆண்களின் கண்ணுக்குப் பெண்களைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்பது அவருடைய நிலை. ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பி, சங்கம் விதியை மாற்றியது. ரோஸ் ஸ்காட் பதவி விலகினார்.

அனுமதி கிடைத்தும் பணம் கிடைக்கவில்லை. பொதுமக்களிடம் வசூலித்து, குடும்பக் காசையும் போட்டு, இருவரும் கப்பலேறினார்கள். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஃபேனிக்குத் தங்கம், மினாவுக்கு வெள்ளி. ஆஸ்திரேலியாவிலிருந்து போன பெண்கள் அந்த இருவர் மட்டும்தான்!

ஒரு தகப்பன் பாறையில் கட்டிய குளத்தில் பயிற்சி எடுத்த பெண், ஊர் போட்ட காசில் ஒலிம்பிக் போய் வந்தாள். ஊர் கட்டியது என்பதற்கு இப்படியும் ஒரு உருவம் உண்டு. வைலீஸில் இன்று மினாவுக்குச் சிலை இருக்கிறது, மரத்தூண்கள் மேல் நிற்கும் அந்தப் பழைய நடைமேடையும் இருக்கிறது. போகிறவர்கள் மேலே நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பாமல் கீழே இறங்குங்கள்.

---

லண்டன்_தவம்

இங்கிலாந்துப் பக்கத்திலிருந்தும் ஒன்று. கார்ன்வாலில் பியூட் என்ற சின்ன ஊர். அட்லாண்டிக் அலை மிக மூர்க்கமான இடம். பாதுகாப்பாக நீந்த 1930-இல் குன்றடியில் கடற்குளம் கட்டினார்கள், ஏறத்தாழ 90 மீட்டர் நீளம். 2010-இல் செலவைக் குறைக்க வேண்டும் என்று உள்ளாட்சி நிதியை நிறுத்தியது. குளத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து பியூட் கடற்குள நண்பர்கள் என்று அறக்கட்டளை தொடங்கி நடத்துகிறார்கள். இன்று வரை நுழைவு இலவசம். கடற்கரைக் குடிசைகளை வாடகைக்கு விடுவது, நன்கொடை, தன்னார்வலர் உழைப்பு, இவற்றில்தான் ஓடுகிறது.

அதே கார்ன்வாலில் பென்சான்ஸ் ஊர் ஜூபிலி குளம் 1935-இல் திறந்தது. 2014 குளிர்காலப் புயலில் உடைந்தது. சரிசெய்து 2016-இல் திறந்த பிறகு, ஊர் மக்கள் பங்கு வாங்கும் கூட்டுறவு அமைப்பாக மாற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் எடுத்துக் குளத்தின் ஒரு பகுதியைச் சூடாக்கி 2020-இல் திறந்தார்கள்.

1930களில் கட்டியவர்களும் 2010-க்குப் பிறகு காப்பாற்றியவர்களும் வேறு வேறு தலைமுறை. நெய்தல் சொன்ன குடிமராமத்து இங்கேயும் பொருந்துகிறது.

---

தாமரை

எல்லாம் சரி, ஆனால் அரசு கைவிட்டதை மக்கள் தூக்கிச் சுமப்பதைப் பாராட்டிக்கொண்டே போனால், கைவிடுவது சுலபமாகிவிடாதா? பியூட் மக்களுக்கு நேரமும் பணமும் தொடர்பும் இருந்தன. ஏழை ஊரின் குளம் என்ன ஆகும்?

---

குமரன்_நியூகாசில்

அந்தக் கேள்வி எங்கள் ஊரிலேயே வந்தது தாமரை. 2019-இல் ஓஷன் பாத்ஸைத் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடும் யோசனையோடு மாநகராட்சி விருப்ப மனுக்கள் கேட்டது. கட்டிடம் பாழடைந்துவிட்டது, சரிசெய்யப் பணம் வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. நீந்துகிறவர்கள் அணி திரண்டு எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது குளத்தை எங்களிடம் கொடுங்கள் என்பதை அல்ல. பொதுச் சொத்தாகவே, பொதுப் பணத்தில் பராமரியுங்கள் என்பதைத்தான். கடைசியில் குளத்தின் தரை, பம்ப், நடைபாதை எல்லாம் பொதுப் பணத்தில் சீரமைக்கப்பட்டுத் திறந்தது. ஊர் முன்நிற்பது என்றால் ஊரே செலவைச் சுமக்க வேண்டும் என்று இல்லை. 1930களின் நிவாரண வேலையும் அப்படித்தானே? பணம் அரசுடையது, குளம் கேட்டது ஊர், உழைத்தது வேலையில்லாமல் நின்ற ஆண்கள்.

---

தாமரை

இந்தப் பதில் எனக்குத் திருப்தி. நிவாரண வேலையாட்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். திறந்துவைத்தவர் பெயர்தான் இருக்கும்.

---

வாணி_சிட்னி

ஒரு எச்சரிக்கை, புதிதாகப் போகிறவர்களுக்கு: பெருமழை பெய்த அடுத்த நாள் போகாதீர்கள், சாக்கடை நீர் கடலில் கலந்திருக்கும். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் சுவர் மேல் நின்று படமெடுக்க வேண்டாம், அலை ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நீந்தத் தெரியாதவர்கள் நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். நம் பிள்ளைகள் பலர் மேற்குச் சிட்னியில் வளர்கிறவர்கள், கடல் பழக்கம் இல்லை. தயவுசெய்து அசட்டையாக இருக்க வேண்டாம்.

---

செங்கை_ரவி

எல்லாப் பதிவையும் படித்த பிறகு ஒரு கேள்வி: கடல்மட்டம் உயர்கிறதே, இந்தக் குளங்கள் என்ன ஆகும்? சுவரை உயர்த்தினால் போதும் என்று தோன்றலாம். உயர்த்தினால் அலை உள்ளே வருவது குறையும், தண்ணீர் தேங்கும். அதைவிடச் சிக்கல் மதகில் இருக்கிறது. நீர் வற்றும்போது கடல்மட்டம் மதகின் அடிக்குக் கீழே போனால்தான் குளம் தானாகக் காலியாகும். கடல் ஒரு சாண் உயர்ந்தாலே அந்த நேரம் சுருங்கிவிடும்.

---

நெய்தல்

ஆமாம் ரவி சார். சுத்தம் செய்கிற ஆட்களுக்குக் கிடைக்கிற நேரம் இப்போதே குறைவு. தரைமட்டம் மிகத் தாழ்ந்த குளங்களில் தானாக வடிவது நின்றுவிட்டால் பம்ப் வைத்துத்தான் இறைக்க வேண்டும். பம்ப் என்றால் மின்சாரம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் உதிரிபாகம், பார்த்துக்கொள்ள ஆள். பெரிய நகராட்சிகள் சமாளித்துவிடும். தெற்கே, வடக்கே இருக்கும் சின்ன ஊர்க் குளங்கள்தான் என் கவலை. அங்கெல்லாம் மாநில அரசு இப்போதே அளவெடுத்து, எந்தக் குளத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டு, பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். நகராட்சிக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச அனுமதி உண்டு. சிட்னியில் இருப்பவர்கள் உங்கள் பகுதிக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள், நான் எங்கள் பகுதியில் கேட்கப் போகிறேன்.